அவர் ஆன்லைனில் இருக்கிறார்

செத்துப்போனவர் பட்டப்பகலில், சாப்பாட்டு இடைவேளைக்குச் சற்று முன்பு, ஆன்லைனுக்கு வந்தார்.

அவள் அப்போது லாண்டரியின் பின்னறையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வந்த துணிகளில் நீளம் குறைக்க வேண்டியது, கிழிசல் மூட வேண்டியது, ஜிப் மாற்ற வேண்டியது எல்லாம் அவள் பொறுப்பு. அன்றைக்கு யாருடைய சாம்பல் நிறக் கால்சட்டையோ, அடியை மடித்து ஓட்டிக்கொண்டிருந்தாள். பாபின் நூல் டப்பாவின்மேல் சாய்த்து வைத்த கைபேசியில் கணவரோடு பேசிய வாட்ஸப் பக்கம் திறந்து கிடந்தது. அது எப்போதும் திறந்துதான் கிடக்கும். மேலே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அவர்' என்று இருக்கும். கட்டிக்கொண்ட நாள் முதல் அவள் அவரை வேறு எப்படியும் சொன்னதில்லை. கைபேசிக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்திருந்தாள்.

அந்தப் பெயருக்குக் கீழே, ஒரு வருஷமாக ஒன்றுமே இல்லாத இடத்தில், பொடி எழுத்தில் 'ஆன்லைன்' என்று வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மாறி, 'டைப் செய்கிறார்…' என்றது.

மிதித்த கால் மிதித்தபடி நின்றுவிட்டது. ஊசி துணியைத் தாண்டிப் போய் அவள் கட்டைவிரல் நகத்தோரம் ஒரு கொத்துக் கொத்திவிட்டு ஓய்ந்தது. சாம்பல் துணியில் ஒரு பொட்டு ரத்தம்.

யார் இது என்று அவளுக்குத் தோன்றவில்லை. முதலில் தோன்றியது, 'வந்துட்டாரா?' என்பதுதான். அதை அவள் பிற்பாடு மகளிடம்கூடச் சொல்லவில்லை.

அவர் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். ஊர் முழுக்க அவருக்கு ஸ்பேனர் என்று பெயர். வாடிக்கையாளர் வீட்டுக் குழந்தைகள் 'ஸ்பேனர் மாமா' என்பார்கள், பெரியவர்கள் மரியாதையாக 'மிஸ்டர் ஸ்பேனர்' என்பார்கள். வீட்டுக்காரியைக் கூட 'மிஸஸ் ஸ்பேனர்' என்று ஒருவர் கூப்பிட்டு, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததுண்டு.

அவருக்கு இரண்டு பழக்கங்கள். ஒன்று, மழை பிடிப்பதற்கு முன்னால் பழைய வாடிக்கையாளர் வீடுகளுக்கெல்லாம் ஒரு சுற்றுப் போய், மெஷினின் குழாய்களையும் ரப்பர் வளையங்களையும் பார்த்துவிட்டு வருவார். அதற்குக் கூலி வாங்கமாட்டார். "பாக்குறதுக்கு என்னத்துக்கு காசு? கண்ணு என்ன தேஞ்சா போகுது?" என்பார். இன்னொன்று, அவர் டைப் செய்யவே மாட்டார். கை எப்போதும் ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். விரல் முட்டியால் மைக் பொத்தானை அமுக்கிப் பேசி அனுப்புவார். பின்னால் ஏதாவது ஒரு மெஷினின் டிரம் கடகடவென்று சுற்றும். ஒவ்வொரு பதிவும், "ஹலோ, கேக்குதா?" என்றுதான் தொடங்கும். கேட்டுவிட்டு, பதிலுக்காகக் கொஞ்சம் நிறுத்துவார்.

"அப்பா, இது போன் கால் இல்லப்பா. யாரும் பதில் சொல்லமாட்டாங்க" என்று மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

"சொன்னா கேட்டுக்கலாம்னுதான் நிறுத்துறேன். உனக்கென்ன போச்சு?"

போன வருஷம் அண்ணனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வேறு ஊருக்குப் போனவர், அங்கே ஒரு காலைப்பொழுதில் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். காரியமெல்லாம் அங்கேயே நடந்து முடிந்தது. அவளும் மகளும் போய்விட்டுத் திரும்பினார்கள். பையில் அவருடைய கைபேசி இருந்தது. பாதி வழியில் அது அடித்தது. ஒரு வாடிக்கையாளர்.

"ஸ்பேனர் இல்லையா?"

"ஊருக்குப் போயிருக்கார்" என்றாள் அவள்.

பொய் என்றும் சொல்லமுடியாது. போனார், வரவில்லை, அவ்வளவுதானே. அடுத்தவர் கேட்டபோதும் அதையே சொன்னாள். வாய்க்கு அது பழகிவிட்டது. சிலருக்கு அவளே டைப் செய்து அனுப்பினாள்: 'ஊரில் இல்லை. மழைக்கு முன்னால் வந்துவிடுவார்.' அனுப்பிவிட்டு அதைத் தானே இரண்டு முறை படிப்பாள். யாரோ நம்பகமான ஆள் சொன்ன சேதிபோல இருக்கும்.

அவர் கைபேசி பிரிட்ஜுக்கு மேலே சார்ஜரோடு குடியிருந்தது. வாடிக்கையாளர்கள் கேட்கக் கேட்க அது சிணுங்கும். அந்தச் சிணுங்கல் இருக்கும்வரை, எங்கோ யாரோ அவர் வருவார் என்று நம்பிக் காத்திருக்கிறார்கள். ஈரத்துணியை வாளியில் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். அவளுக்கு அது போதும்.

"எத்தனை நாளைக்கும்மா இது?" என்று மகள் கேட்டாள். "எல்லார்கிட்டயும் சொல்லித்தானே ஆகணும்?"

"சொல்லிக்கலாம். இப்ப என்ன அவசரம், பின்னாடியா தொரத்துது?"

துரத்தத்தான் செய்தது. அந்தக் கைபேசியின் பேட்டரி உப்ப ஆரம்பித்தது. முதுகு மூடி பிளந்துகொண்டு, மேஜையில் வைத்தால் ஆடியது. ஒருநாள் வெடித்தே விடும் என்றாள் மகள். வெடித்தால், வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அவர் பேசி அனுப்பி அதில் கிடக்கிற குரல்கள்? இந்த ஒரு கவலையோடு அவள் இருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. அவருடைய எண்ணுக்கே வந்தது.

'வாழ்த்துகள்! நீண்டகாலமாக ஒரே எண்ணைப் பயன்படுத்தும் வாடிக்கையாளர் நீங்கள். உங்களுக்கு ஒரு புதிய கைபேசி முற்றிலும் இலவசம். பழைய பதிவுகள் அனைத்தும் புதியதில் இலவசமாக ஏற்றித் தரப்படும்.'

கைபேசி அவளுக்கு முக்கியமாகப் படவில்லை. அந்தக் கடைசி வரிதான் அவளைப் பிடித்து உட்காரவைத்தது. தொட்டாள். திரையில் வண்ணக் காகிதத் துண்டுகள் பொழிந்தன. ஒரு சக்கரம் சுற்றியது. முதல் சுற்றில் 'வருந்துகிறோம்' என்றது, இரண்டாவதில் 'வென்றுவிட்டீர்கள்' என்றது. முதலில் தோற்கவைத்தது அவளுக்கு நியாயமாகவே பட்டது. சும்மா எடுத்ததும் தூக்கிக் கொடுத்திருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பாள். மூலையில் ஒரு கடிகாரம் குறைந்துகொண்டே வந்தது. 'உங்கள் தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கவும்' என்று கேட்டது. கடிகாரம் ஓடும்போது நின்று யோசிக்க யாரால் முடியும்? சரி என்றாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் அழைத்தாள். தேன் தடவிய குரல்.

"சார் பேர்ல பதிவாயிடுச்சும்மா. சார் பக்கத்துல இருக்காரா?"

"ஊருக்குப் போயிருக்கார்."

"அதனால என்னம்மா. திரும்பி வந்ததும் புது போனைப் பாத்து சந்தோஷப்படுவார் பாருங்க. இப்ப சார் நம்பருக்கு ஒரு ஆறு நம்பர் வரும். அதை மட்டும் படிச்சுச் சொல்லுங்க."

திரும்பி வந்ததும். ஒரு வருஷமாக அவள்தான் எல்லாருக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல்முறையாக வேறொருவர் வாயிலிருந்து அவளுக்கு அது வந்தது. கண் கலங்கிப்போய், அந்த ஆறு எண்களையும் அவள் தவறில்லாமல், நிறுத்தி நிறுத்திப் படித்துச் சொன்னாள். "நன்றிம்மா" என்றாள் அந்தப் பெண். வைத்த பிறகுதான் பார்த்தாள், அவருடைய கைபேசியில் வாட்ஸப் அவரை வெளியே தள்ளியிருந்தது. புதிய போனுக்கு மாற்றுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள்தான் அவர் ஆன்லைனுக்கு வந்தார்.

நகத்தைச் சப்பிக்கொண்டே அவள் திரையைப் பார்த்தாள். 'டைப் செய்கிறார்…' நின்றது. மறுபடி வந்தது. அவர் ஒருநாளும் டைப் செய்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், கண் அந்த மூன்று புள்ளிகளிலிருந்து நகரவில்லை. இஸ்திரிப் பெட்டியின் நீராவி பக்கத்து மேஜையிலிருந்து புஸ்ஸென்று எழுந்தது. செய்தி வந்து விழுந்தது.

'வணக்கம். நமது வாடிக்கையாளர்களுக்கு இலவசச் சலுகை. கீழே தொட்டுப் பதிவு செய்யவும். உங்களுக்கு வரும் எண்ணை எனக்கு அனுப்பவும்.'

மேலே, பெயருக்குப் பக்கத்தில், சின்ன வட்டத்துக்குள் அவருடைய படம். கழற்றிய டிரம்மைக் கோப்பை வென்றவன்போல இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சாயங்காலம் வகுப்பு முடிந்து வந்த மகள் எல்லாவற்றையும் கேட்டாள். கையிலிருந்த பையைக் கீழே வைக்கவே மறந்து நின்றாள்.

"ஓடிபியைக் குடுத்தியா? அம்மா, அது வீட்டுச் சாவி மாதிரிம்மா!"

"அந்தப் பொண்ணு நல்லாத்தாண்டி பேசிச்சு."

"திட்டிக்கிட்டா திருடுவாங்க? நல்லாத்தான் பேசுவாங்க!" பையோடவே அவருடைய கைபேசியை எடுத்து எதையெதையோ அமுக்கிப் பார்த்தாள். பிறகு குரல் இறங்கியது. "அழாத. குரலெல்லாம் போனுக்குள்ள தனியா இருக்கு. அதை நான் எடுத்துடுவேன். ஆனா அக்கவுண்ட் அவங்க கையில. திரும்பக் கேட்டுப் பாத்தேன். புது ஆறு நம்பர் நமக்கு வராதபடி அவங்க ஒரு பூட்டுப் போட்டிருக்காங்க. ஒரு வாரம் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அப்பா பேசிட்டே இருப்பார்" என்றாள் மகள். சொன்னபிறகுதான் பையைக் கீழே வைத்தாள்.

அம்மா தன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து வைத்தும் பயனில்லை. எத்தனை முறை நிமிர்த்திப் பார்த்தாலும் அவர் இருந்தார். அவள் சமைக்கும்போது இருந்தார், குளித்துவிட்டு வரும்போது இருந்தார். உயிரோடிருந்த காலத்தில்கூட அந்த மனிதர் இவ்வளவு நேரம் வீட்டில் இருந்ததில்லை.

காப்பகம் நடத்துகிற அம்மாள் லாண்டரிக்கு வந்தது அதற்கு மறுநாள். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற இடம் அது. அங்கே மெஷின் ஓயாமல் ஓடும், ஸ்பேனரும் ஓயாமல் போவார். அந்த அம்மாள் முன்கூடத்தில் நின்று, லாண்டரி முதலாளியம்மா தடுப்பதற்குள் திரையை விலக்கிக்கொண்டு பின்னறைக்கே வந்துவிட்டாள்.

"எங்கம்மா உங்க வீட்டுக்காரர்?"

"ஊருக்குப் போயிருக்கார்." நாக்கு தானாகச் சொன்னது.

"சும்மா சொல்லாதீங்க. நேத்து என்கிட்ட பேசினாரே!"

அவள் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. தெரிந்தும் துள்ளியது. "பேசினாரா?"

"மெசேஜ் போட்டார். மழைக்கு முன்னாடி வந்துடுவார்னு நீங்கதானே போன மாசம் எழுதினீங்க? வானம் மூடிக்கிட்டு வருது, இலவசம்னு அவர்கிட்டேருந்து மெசேஜ் வருது. வருஷா வருஷம் சும்மா பாத்துட்டுப் போற மனுஷனாச்சேன்னு தொட்டேன். நம்பர் கேட்டார், அனுப்பினேன். இப்ப என் அக்கவுண்ட் என்கிட்ட இல்ல. என் பேர்ல குழந்தைங்களோட அப்பா அம்மாவுக்கெல்லாம் என்னென்னமோ போகுது. ரெண்டு பேர் பணத்தை அனுப்பிட்டு என் வாசல்ல வந்து நிக்கிறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

முதலாளியம்மா திரைக்கு அருகில் நின்றுகொண்டு உதட்டைக் கடித்தாள். மகள் சொல்லி அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அது தான் சொல்ல வேண்டிய வார்த்தை இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

"என் பிள்ளைங்க தூங்குற நேரத்துல சத்தம் வரக்கூடாதுன்னு செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வர்ற ஆளு அவர்" என்றாள் அந்த அம்மாள். "அவரைப் போய்த் திருடன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா இனிமே வேற என்னன்னு சொல்றது, நீங்களே சொல்லுங்க."

திருடன். அந்தச் சொல் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அவரை உயிரோடு வைத்திருக்க அவள் சொன்ன பொய்தான் இப்போது அவர் கையில் அந்தத் திருட்டைக் கொடுத்திருக்கிறது. ஊருக்குப் போனவர் திரும்பி வந்து திருடலாம். ஆனால்—

"அவர் இறந்துட்டார்ங்க" என்றாள்.

வெளியாட்களிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் ஒன்றும் இடிந்து விழவில்லை. நீராவி புஸ்ஸென்றது. தையல் மெஷினின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"என்னது?"

"போன மழைக்கு முன்னாடியே. என்னாலதான் சொல்ல முடியல. செத்தவர் எப்படிங்க உங்களை ஏமாத்துவார்? ஏமாந்தது நான். அவரோட நம்பரைத் திருடனுக்குப் படிச்சுக் குடுத்தவ நான். அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

அந்த அம்மாள் பக்கத்தில் இருந்த துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். "எங்க மெஷின்ல ஒரு வருஷமா குழாய் ஒழுகுது" என்றாள். "வேற ஆளைக் கூப்பிடலாம்னு எல்லாரும் சொன்னாங்க. அவர் வந்துடட்டும்னு இருந்தேன்."

மகள் அன்றைக்கு வகுப்புக்குப் போகவில்லை. உப்பிய கைபேசியிலிருந்து வாடிக்கையாளர் எண்களை ஒவ்வொன்றாக அவள் படிக்க, இவள் தன் கைபேசியில் சேர்த்துக்கொண்டாள். அவர் யாரையும் பெயர் போட்டு வைத்துக்கொள்ளவில்லை. மெஷினுக்கு என்ன நோயோ, அதுதான் பெயர்.

"'கதவு மூடாது மூணாம் மாடி'" என்று படித்தாள் மகள். "'நடந்து போகும் மெஷின்.' அது யாரும்மா?"

"துவைக்கிறப்ப ஆடி ஆடி சமையலறை வரைக்கும் போயிடுமாம். ரிட்டயர்ட் டீச்சர்."

"'சாக்ஸ் தின்னும் வீடு.'" இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும் பிரிட்ஜின் உறுமல் கேட்டது.

எழுதி அனுப்பலாம் என்றாள் மகள். அவள் வேண்டாம் என்றாள். எழுத்தை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், பார்த்தோமே. அவர் செய்ததைப்போல அவளும் மைக் பொத்தானை அமுக்கிப் பேசினாள்.

"ஹலோ. நான் ஸ்பேனர் வீட்டம்மா பேசுறேன். அவர் போன வருஷமே இறந்துட்டார். நான்தான் உங்ககிட்ட ஊருக்குப் போயிருக்கார்னு சொல்லிட்டேன், மன்னிச்சுடுங்க. இப்ப அவர் பேர்ல வர்றது அவர் இல்ல. இலவசம்னு வந்தா தொடாதீங்க. நம்பர் கேட்டா யாருக்கும் சொல்லாதீங்க, நானே கேட்டாலும் சொல்லாதீங்க."

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பேசினாள். ஒன்றையே எல்லாருக்கும் தள்ளிவிடலாம் என்று மகள் சொன்னதற்கு அவள் இணங்கவில்லை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவர் இன்னொரு வீட்டில் இறந்தார். மூன்றாம் மாடியில் இறந்தார், சாக்ஸ் தின்னும் வீட்டில் இறந்தார். இருட்டுவதற்குள் ஊரில் அவருக்கு உயிரோடு இருக்க இடம் இல்லாமல் போயிற்று.

பதில்கள் வந்தன. சிலர் அழுதார்கள். ஒருவர் அவளைத் திட்டினார். இரண்டு பேர் ஏற்கனவே எண்ணைக் கொடுத்துவிட்டிருந்தார்கள். மகள் அவர்களை உடனே அழைத்து, என்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். ரிட்டயர்ட் டீச்சரும் பேசித்தான் அனுப்பியிருந்தார்.

"எனக்கும் வந்துச்சும்மா. தொடப் போனேன். அப்புறம்தான் உறைச்சுது. ஸ்பேனர் என்கிட்ட ஒரு பழைய துணியைத் தவிர ஒண்ணும் கேட்டதே கிடையாது. தரையைத் துடைக்கணும், துணி குடுங்கம்பார். அவ்வளவுதான். சும்மா குடுக்குறவன் என்னத்துக்கு நம்மகிட்ட நம்பர் கேக்குறான்னு தோணிச்சு. விட்டுட்டேன்."

அதை அவள் பலமுறை போட்டுக் கேட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு எத்தனையோ வந்தன: இலவசத் தையல் மெஷின், இலவச மருத்துவச் சோதனை, இலவசப் பயணம். பழைய துணிக்குமேல் என்ன கேட்கிறது என்று மட்டும் பார்ப்பாள். அனுமதி கேட்டால், எண் கேட்டால், அவசரப்படுத்தினால், கைபேசியைக் கீழே வைத்துவிட்டு ஒரு தையல் ஓட்டி முடிப்பாள். முடித்துவிட்டு அழித்துவிடுவாள். லாண்டரிக்கு வருகிறவர்களிடமும் சொல்ல ஆரம்பித்தாள். "துணியைக் குடுக்க வந்தா வகுப்பு எடுக்கிறீங்களே" என்று ஒருவர் கேலி செய்தார். "ஆமா, இதுக்குக் காசு வாங்குறதில்ல" என்றாள்.

அதெல்லாம் பின்னால். அந்த ஒரு வாரம் முழுக்க அவர் ஆன்லைனில்தான் இருந்தார். கடைசி நாளில் அது நின்றது. வெறும் பெயர் மட்டும் இருந்தது. மகள் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றபடி அவருடைய கைபேசியில் புதிதாக வந்த ஆறு எண்களைப் போட்டு வாட்ஸப்பைத் திறந்தாள்.

"வந்துடுச்சும்மா. உள்ள ஒண்ணும் இல்ல. இதை வச்சிருந்தா மறுபடி எவனாவது பிடிப்பான். அக்கவுண்டை அழிச்சுடட்டுமா?"

வெளியே மழை பிடித்திருந்தது. அவள் சாப்பாட்டு மேஜையருகே உட்கார்ந்து, தன் கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். மகள் கையில் அவருடைய கணக்கு திறந்திருந்ததால், பெயருக்குக் கீழே மறுபடி 'ஆன்லைன்' என்று வந்தது. இந்தத் தடவை அது யார் என்று அவளுக்குத் தெரியும்.

"இரு. அதுக்கு முன்னாடி அதுல என் பேரைத் திறந்து அந்த மைக்கை ஒரு தடவை அமுக்கு."

"எதுக்கு? என்ன பேசணும்?"

"ஒண்ணும் பேசாத. சும்மா அமுக்கு. முட்டியால அமுக்கு."

மகள் அம்மாவைப் பார்த்தாள். விரலை மடக்கி முட்டியால் அமுக்கினாள். இவள் திரையில், 'அவர்' என்ற பெயருக்குக் கீழே, ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொற்கள் வந்தன: 'குரல் பதிவு செய்கிறார்…'

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகள் அமுக்கிக்கொண்டே நின்றாள்.

"போதும்" என்று அவள் தலையசைத்தாள். பதிவு வந்து விழுந்தது. மகள் திரும்பிக்கொண்டு, செய்ய வேண்டியதைச் செய்தாள். 'ஆன்லைன்' போயிற்று. வட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்த படமும் போயிற்று. அந்த இடத்தில் யாருக்கும் பொருந்துகிற ஒரு சாம்பல் உருவம் நின்றது.

அந்தப் பதிவை அவள் மறுநாள் லாண்டரியில், இஸ்திரி மேஜை ஓய்ந்திருந்த நேரத்தில், காதோடு வைத்துக் கேட்டாள். பிரிட்ஜ் உறுமியது. மழைச் சத்தம் கேட்டது. நாற்காலி ஒரு தடவை கிறீச்சிட்டது. அப்புறம், கொஞ்சம் தள்ளியிருந்து, மெல்லிய குரலில் யாரோ, "கேக்குது" என்றார்கள்.

அது அவளுடைய குரல்தான். ஆனால் சொன்னதாக அவளுக்கு ஞாபகமே இல்லை.